பிளான் கோப்பு: ஒரு தனிமனிதக் கருத்துரை வழக்கத்தின் வரலாறு

ஒரு மனிதர் தம் வேலையைப் பற்றியும், தாம் ஆடும் கணினி விளையாட்டுகளைப் பற்றியும், புதிதாகச் சந்தைக்கு வந்த கருவியைப் பற்றியும், அலுவலக அரசியலைப் பற்றியும் யாரும் கேளாமலே பொதுவெளியில் கருத்துச் சொல்லிவைப்பது இன்று எவரையும் வியக்கவைப்பதில்லை. இவ்வழக்கம் வலைத்தளங்களோடு சேர்ந்து பிறந்தது என்று பொதுவாக நம்பப்படுகிறது. ஆனால் உலகளாவிய வலை உருவாவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வகம் ஒன்றில், இன்னார் இருக்கையில் இருக்கிறாரா இல்லையா என்று அறிவதற்காக எழுதப்பட்ட ஒரு சிறு நிரலின் ஓரத்தில் அது முளைவிட்டிருந்தது. அந்த ஓரம் ‘பிளான்’ என்ற பெயருடைய ஓர் எளிய உரைக்கோப்பு. அதை யாரும் பதிப்பகமாக எண்ணி வடிவமைக்கவில்லை. விடுப்புச் சீட்டாகத் தொடங்கி, வேலைக் குறிப்பேடாகி, பின்னர் ஒரு தொழிலின் போக்கையே அசைத்த கட்டுரைகள் வெளிவரும் இடமாக அது வளர்ந்த கதை கணினி வரலாற்று நூல்களில் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது.

ஜான் மெக்கார்த்தி நிறுவிய ஸ்டான்ஃபோர்ட் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக வளாகத்திற்கு வெளியே, குன்றுப்பகுதியில் இருந்த டி. சி. பவர் கட்டடத்தில் இயங்கிவந்தது. அங்கிருந்த பிடிபி-10 கணினி ‘நேரப் பகிர்வு’ முறையில் செயல்பட்டது. அதாவது ஒரே கணினியுடன் பல முனையங்கள் இணைக்கப்பட்டு, ஒவ்வொருவரும் அது தமக்கு மட்டுமே உரியது போலப் பயன்படுத்தும் வகையில், கணினி தன் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கி எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. நிரலர்கள் பகல், இரவு பாராமல் தத்தம் மனம்போன நேரத்தில் வந்து போகும் இடமாக அது இருந்ததால், ஒருவரைத் தேடிப் பிடிப்பதே அங்கு ஒரு வேலையாக இருந்தது. கணினியில் அப்போது யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று காட்டும் ‘ஹூ’ என்ற கட்டளை இருந்தது. ஆனால் அது பயனர்களின் சுருக்கக் குறியீடுகளையும் முனைய எண்களையும் மட்டுமே பட்டியலிட்டதால், திரையின் மேல் விரலை ஓட்டி ‘இது யார், இவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்’ என்று துழாவுவது அங்கே வாடிக்கையாகியிருந்தது. ஆய்வகத்தின் நிர்வாக அலுவலராக இருந்த லெஸ் எர்னஸ்ட் 1971 வாக்கில் அந்தத் துழாவலுக்கு மாற்றாக ஒரு நிரலை எழுதி, அதற்கு ‘ஃபிங்கர்’ என்றே பெயரிட்டார். முழுப்பெயர், முனையம் இருக்கும் இடம், கடைசியாக விசை தட்டப்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பன போன்ற விவரங்களை அது ஒரே பார்வையில் காட்டியது.

இவற்றுள் கடைசி விவரம் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றுவதைவிட முக்கியமானது. ஒருவர் கணினியில் நுழைந்திருக்கிறார் என்பதும் உண்மையில் முனையத்தின் முன் அமர்ந்திருக்கிறார் என்பதும் வேறு வேறு. விசைப்பலகை இரண்டு மணிநேரம் தொடப்படாமல் கிடந்தால் ஆள் சாப்பிடவோ உறங்கவோ போயிருக்கிறார் என்று மற்றவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இப்படி ஊகிக்கப்படுவதை விரும்பாதவர்கள், ஏன் வரவில்லை, எப்போது வருவோம், இடைப்பட்ட வேளையில் எங்கே தொடர்புகொள்ளலாம் என்று தாமே சொல்லிவைக்க ஒரு வசதி தேவைப்பட்டது. அதற்காகவே எர்னஸ்ட் பிளான் கோப்பைச் சேர்த்தார்: பயனர் அதில் எழுதிவைத்தது, அவரைப் பற்றிக் கேட்பவர் எவருக்கும் ஃபிங்கரின் விடையோடு சேர்த்துக் காட்டப்பட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர் கதவிடுக்கில் செருகிவைக்கும் சீட்டுக்கும் இதற்கும் நோக்கத்தில் வேறுபாடில்லை. ஆனால் சீட்டைப் படிக்க ஆள் வருகிறார் என்று தெரிந்தவுடன் எழுதுகிறவரின் கை நீண்டுவிடுகிறது. ஊருக்குப் போகும் தேதி எழுதப்பட்ட இடத்தில் நகைச்சுவைத் துணுக்குகளும், உலக நடப்பு பற்றிய விமரிசனங்களும் குடியேறின. இந்தத் திருப்பம் தம்மையே வியப்பில் ஆழ்த்தியதாக எர்னஸ்ட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

ஆய்வகத்திற்குள் இருந்த இவ்வசதி, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பின் வழியாக மற்ற நிறுவனங்களுக்கும் பரவியபோது, கணினிகள் ஒன்றையொன்று எவ்வாறு கேட்டுக்கொள்வது என்பதற்குப் பொது நெறிமுறை வேண்டியிருந்தது. 1977 டிசம்பரில் கென் ஹாரன்ஸ்டீன் எழுதிய 742ஆம் எண் ஆர்எஃப்சி ஆவணம் அதை வகுத்தது. ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணத் தொடருக்கு வழங்கும் பெயர். நெறிமுறை வியக்கத்தக்க அளவுக்கு எளியது: கேட்கும் கணினி 79ஆம் எண் வாயிலில் இணைப்பை ஏற்படுத்தி, பயனரின் பெயரை ஒரே வரியில் அனுப்பும்; மறுமுனைக் கணினி தன்னிடமுள்ள உரையைக் கொட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். படித்தவர் பதில் எழுத அதில் இடமில்லை. பாராட்டவும் வசைபாடவும் வழியில்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்று எழுதியவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடும் நெறிமுறையில் கிடையாது. இந்த மூன்று இன்மைகளே பிளான் கோப்பின் உரைநடையை உருவாக்கின என்று சொல்வது மிகையாகாது. கைதட்டலும் கூச்சலும் காதில் விழாத இடத்தில் எழுதுகிறவர் அவையைக் கவர முனைவதில்லை. தமக்குத் தாமே பேசிக்கொள்வது போல, அரைகுறைச் சொற்றொடர்களிலும் சுருக்கக் குறிகளிலும் எழுதிப்போகிறார்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான யுனிக்ஸ் இயங்குதளப் பதிப்பு ஃபிங்கரைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட பிறகு, இவ்வழக்கம் யுனிக்ஸ் நுழைந்த பல்கலைக்கழகம்தோறும் போய்ச் சேர்ந்தது. பயனரின் சொந்தக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் பெயருடன் கோப்பு வைக்கப்பட்டால் அது வழக்கமான பட்டியலில் தோன்றாது என்பது யுனிக்ஸ் மரபு. ஆகையால் ‘டாட் பிளான்’ என்ற பெயரே நிலைத்தது. அதனுடன் ‘டாட் ப்ராஜெக்ட்’ என்ற இன்னொரு கோப்பும் இருந்தது; தற்போதைய பணியை ஒரே வரியில் சொல்வதற்கான அக்கோப்பை, பிளானின் செல்வாக்கு வளர வளர, பெரும்பாலோர் மறந்தே போயினர். கோப்பு எதுவும் இல்லாதவரைப் பற்றிக் கேட்டால் ‘திட்டம் எதுவும் இல்லை’ என்ற பொருள்படும் வரி திரையில் வரும். வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு போல ஒலித்த அவ்வரியைத் தவிர்ப்பதற்காகவே மாணவர்கள் பலர் எதையேனும் எழுதிவைத்தனர். கைத்திறன் மிக்கவர்கள் சாதாரணக் கோப்புக்குப் பதிலாக, ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றுக்குக் கடத்தும் ‘பெயரிட்ட குழாய்’ என்ற யுனிக்ஸ் அமைப்பை அவ்விடத்தில் வைத்து, ஒவ்வொரு முறை கேட்கப்படும்போதும் வெவ்வேறு வாசகம் தோன்றும்படி செய்தனர்.

தனிமனிதக் கருத்துக்கு இடங்கொடுத்த அதே நிரல் தனிமனித அந்தரங்கத்தைப் பற்றிய முதல் பெரும் சச்சரவுகளில் ஒன்றையும் இணையத்திற்குக் கொண்டுவந்தது. ஒருவர் கடைசியாக எப்போது கணினியில் நுழைந்தார், தமக்கு வந்த மின்னஞ்சலை எப்போது படித்தார் என்பவற்றை எவரும் எங்கிருந்தும் பார்க்க முடிந்த நிலையில், பிட்ஸ்பர்கிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐவர் துர்ஹாம், பயனர் விரும்பி வெளிப்படுத்தினாலன்றி அவ்விவரங்கள் மறைந்தே இருக்கும்படி நிரலைத் திருத்தினார். 1979இன் தொடக்கத்தில் இச்செய்தி அர்பாநெட்டில் பரவியபோது அவர்மேல் வசைமழை பொழிந்தது. முதுகெலும்பற்றவர், சமூகப் பொறுப்பற்றவர் என்றெல்லாம் அவர் ஏசப்பட்டார். அந்தரங்கத்தைக் காப்பாற்ற முயன்றதற்காக அல்லாமல், வலையமைப்பின் திறந்த தன்மையைக் குலைத்துவிட்டார் என்பதற்காக! இன்றைய வாசகருக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஒருவரையொருவர் அறிந்த சில ஆயிரம் பேர் மட்டுமே புழங்கிய வெளியில், மறைப்பவரே ஐயத்திற்குரியவர் என்ற ஊர்ப்புற மனப்பான்மை நிலவியது இயல்பே. எனினும் இயல்புநிலை அமைப்பு திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்ற கேள்வியின் அரசியல் கனத்தை அன்றே கண்டுகொண்டவர் துர்ஹாம்தான் என்பதை மறுக்க முடியாது.

அதே துர்ஹாம் இடம்பெற்ற ஒரு சிறு குழு, 1982 வாக்கில் ஃபிங்கரின் பயனை மனிதர்களுக்கு அப்பாலும் நீட்டியது. கணினித் துறைக் கட்டடத்தில் இருந்த கோக் இயந்திரத்தைத் தேடி மாடிப்படிகளைக் கடந்து போனால், அது காலியாகவோ, அப்போதுதான் நிரப்பப்பட்ட சூடான புட்டிகளுடனோ இருப்பது டேவிட் நிக்கல்ஸ் என்ற மாணவருக்குச் சலிப்பூட்டியது. மைக் கசார், ஜான் சார்னே ஆகியோரும் சேர்ந்து, இயந்திரத்தின் ஆறு பொத்தான்களின் அருகிலிருந்த சிவப்பு விளக்குகளைக் கணினியோடு இணைத்தனர். புட்டி ஒன்று விற்றால் விளக்கு சில நொடிகள் மட்டும் எரிந்து அணையும், வரிசை காலியானால் எரிந்தபடியே நிற்கும். இதை வைத்து எந்த வரிசையில் புட்டி இருக்கிறது, நிரப்பி எவ்வளவு நேரமாயிற்று என்று நிரல் கணித்தது. மூன்று மணிநேரம் கடந்த புட்டி ‘குளிர்ந்தது’ என்று அறிவிக்கப்பட்டது. வலையமைப்போடு இணைந்த பொருள்களின் வரலாறு இங்கிருந்தே தொடங்குவதாக எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 1991 டிசம்பரில் டேவிட் சிம்மர்மன் எழுதிய 1288ஆம் எண் ஆர்எஃப்சி, தானியங்கி விற்பனை இயந்திரங்கள் ஃபிங்கர் கேள்விக்கு எவ்வாறு விடையளிக்க வேண்டும் என்பதற்கே ஒரு பகுதியை ஒதுக்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் துறையோ, ‘குவேக்’ என்ற பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி அண்மைய நிலநடுக்கங்களின் பட்டியலை அதன் வழியே வழங்கியது. அச்சொல் வேறொரு பொருளில் ஃபிங்கரோடு பிணையப்போவதை அப்போது யாரும் அறிந்திருக்க நியாயமில்லை.

இந்தத் திறந்த வெளிக்கு முதல் அடி 1988 நவம்பர் 2ஆம் தேதி விழுந்தது. கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரான ராபர்ட் டாப்பன் மோரிஸ் எழுதி, எம்ஐடி கணினி ஒன்றிலிருந்து வெளிவிட்ட ‘புழு’, அதாவது தானே தன்னைப் படியெடுத்துக் கணினிக்குக் கணினி தாவும் நிரல், நுழைவதற்குப் பயன்படுத்திய வழிகளுள் ஒன்று ஃபிங்கர் சேவையகம். கேட்பவர் அனுப்பும் ஒற்றை வரியை வாங்கிவைக்க அந்நிரல் 512 பைட் இடத்தை ஒதுக்கியிருந்தது. வரும் வரி அதைவிட நீளமானதா என்று அது சரிபார்க்கவில்லை. மோரிஸின் நிரல் வேண்டுமென்றே நீண்ட வரியை அனுப்பி, வழிந்த பகுதியால் கணினியின் கட்டுப்பாட்டையே கைப்பற்றியது. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. 1986ஆம் ஆண்டுக் கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் மோரிஸ் தண்டிக்கப்பட்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணிநேரச் சமூகப்பணி, 10,050 டாலர் அபராதம் என்று தீர்ப்பாயிற்று. ஓட்டை அடைக்கப்பட்டது, ஆனால் யார் எப்போது வருகிறார், போகிறார் என்று அந்நியருக்குச் சொல்லும் சேவை எதற்கு என்ற கேள்வி கணினி நிர்வாகிகளின் மனத்தில் தங்கிவிட்டது. பல நிறுவனங்கள் 79ஆம் வாயிலை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின.

பல்கலைக்கழகங்களில் மங்கத் தொடங்கிய வழக்கம் எதிர்பாராத இடத்தில் மறுவாழ்வு பெற்றது. டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரை ஒட்டிய மெஸ்கீட்டில் இயங்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம், 1993 டிசம்பர் 10ஆம் தேதி வெளியிட்ட ‘டூம்’ விளையாட்டினால் உலகப் புகழ் பெற்றிருந்தது. அந்நிறுவனம் அக்காலத்தில் யுனிக்ஸ் மரபில் வந்த நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தில் தன் விளையாட்டுகளை உருவாக்கியதால், ஃபிங்கரும் பிளானும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. தலைமை நிரலர் ஜான் கார்மாக், அடுத்த விளையாட்டான ‘குவேக்’ உருவாகிக்கொண்டிருந்த 1996 பிப்ரவரியில் தம் பிளான் கோப்பை அன்றாட வேலைக் குறிப்பேடாக்கினார். முடித்த வேலைக்கு நட்சத்திரக் குறி. யாரேனும் சுட்டிக்காட்டிய பிழை அன்றே தீராவிட்டால் வெறும் குறிப்பு. பின்னொரு நாளில் அது தீர்ந்தால் கூட்டல் குறி. பிப்ரவரி 18ஆம் தேதிக் குறிப்பில் நீச்சல் வேகத்தைக் கூட்டியது, அடிபடும்போது கவசத்தின் நிறம் மின்னுவது, கையெறி குண்டின் சீரமைப்பு ஆகியவை நட்சத்திரத்தோடும், மதிப்பெண் பலகை போன்றவை கூட்டலோடும் அடுக்கப்பட்டிருக்கின்றன. விளக்கம் எதுவும் இல்லை. கடைச் சிட்டையைப் போன்ற இந்த வரிகளை, இன்னும் வெளிவராத விளையாட்டுக்காகக் காத்திருந்த இளைஞர்கள் நாள்தோறும் ஃபிங்கர் கட்டளையைத் தட்டி வரவழைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேடிப் படித்தனர்.

சிட்டைக்கு நடுவே கருத்து நுழைந்த விதத்திற்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதிக் குறிப்பு சிறந்த சான்று. ஜூன் 22ஆம் தேதி வெளியான குவேக், இணையம் வழியே பலர் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டாகக் கொண்டாடப்பட்டாலும், தொலைபேசி மோடம் வழியே இணைந்தவர்களுக்கு அது வேதனையாக இருந்தது. ஆடுபவர் விசையை அழுத்தினால், அச்செய்தி அவருடைய மோடம், இணைப்பு வழங்குநரின் மோடம் ஆகியவற்றைக் கடந்து சேவையகத்தை அடைந்து, அதே வழியில் திரும்பி வந்த பிறகே திரையில் உருவம் நகரும். 200 மில்லிநொடிக்குக் குறைந்த தாமதத்தை மனத்திற்கொண்டே தாம் வடிவமைத்ததாகவும், மக்களுள் பெரும்பாலோருக்கு 300 மில்லிநொடிக்கு மேல் ஆவதாகவும், தம் வீட்டிற்கு டி1 என்னும் விரைவு இணைப்பு இருந்ததால் மோடத்தோடு வாழ்வோரின் பாடு தமக்குத் தெரியாமற்போயிற்று என்றும், தம் முடிவு தவறென்றும் கார்மாக் அந்தக் குறிப்பில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எந்த நிறுவனத்தின் விளம்பரத் துறையும் வெளியிட அனுமதிக்காத வாக்குமூலம் அது. அதன் விளைவாக ஆண்டிறுதியில் வெளியான ‘குவேக்வேர்ல்ட்’, சேவையகத்தின் விடைக்குக் காத்திராமல் ஆடுபவரின் கணினியே அவருடைய அடுத்த அசைவை முன்கூட்டிக் கணித்துக் காட்டும் முறையைக் கையாண்டது. குவேக்கின் ‘இயந்திரம்’ எனப்படும் அடிப்படை நிரலை உரிமம் பெற்று மாற்றியமைத்து 1998இல் வந்த ‘ஹாஃப் லைஃப்’, அதிலிருந்து கிளைத்த ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ ஆகியவற்றில் இக்குடும்பத்தின் சாயல் தொடர்ந்தது. தமிழகத்துப் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய தலைமுறைக்கு, தாங்கள் அழுத்திய விசைக்கும் அந்தக் குறிப்புக்கும் உள்ள உறவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கருத்துரை ஒரு தொழிலின் அரசியலாக மாறியது 1996 டிசம்பர் 23ஆம் தேதிக் குறிப்பில். முப்பரிமாணக் காட்சிகளை வரையும் வன்பொருள் அட்டைகள் அப்போதுதான் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. நிரலர் அவற்றோடு பேசுவதற்கு இரண்டு மொழிகள் போட்டியிட்டன. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் தோன்றி உயர்திறன் பணிநிலையங்களில் பழகிய ‘ஓபன்ஜிஎல்’ ஒன்று. மைக்ரோசாஃப்ட் முன்வைத்த ‘டைரக்ட்3டி’ மற்றொன்று. கார்மாக் குவேக்கை ஓபன்ஜிஎல்லுக்கு மாற்றிப் பார்த்து, அவ்வேலை இனிதாக முடிந்ததைக் கண்டு, பின்னர் டைரக்ட்3டிக்கும் மாற்ற முயன்று, பாதியில் நிறுத்திவிட்டார். ஒரே முக்கோணத்தை வரைவதற்கு ஒன்றில் சில எளிய வரிகளே போதுமென்பதையும், மற்றொன்றில் கட்டளைகளை ஓர் இடையகத்தில் கோத்து நிரப்பி அனுப்பும் சுற்றுவழி தேவைப்படுவதையும் அருகருகே வைத்துக் காட்டி, தாம் இனி அதைத் தொடப்போவதில்லை என்று அறிவித்தார். அடுத்த ஆண்டில் விளையாட்டு உருவாக்குநர்கள் பலர் ஓபன்ஜிஎல்லை ஆதரிக்கும்படி மைக்ரோசாஃப்டுக்குத் திறந்த மடல் எழுதும் அளவுக்கு விவாதம் வளர்ந்தது. டைரக்ட்3டியும் அடுத்தடுத்த பதிப்புகளில் அந்தச் சுற்றுவழியைக் களைந்து எளிதாயிற்று. கார்மாக்கே 2011இல், இப்போது டைரக்ட்3டிதான் மேம்பட்டது என்று பேட்டியளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அவருடைய கருத்துகளுக்கு இருந்த மதிப்பு அவை எப்போதும் சரியாக இருந்ததால் வந்ததன்று. கருத்தின் பக்கத்திலேயே அக்கருத்துக்கு இட்டுச்சென்ற வேலையும் எழுதப்பட்டிருந்ததால் வந்தது. படிப்பவர் உடன்படாவிட்டாலும் எந்தப் படியில் பிரிகிறோம் என்று சுட்டிக்காட்ட முடிந்தது. பின்னாளைய கருத்துரைகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இல்லை.

டாலஸ் வட்டாரத்தில் அந்த ஆண்டுகளில் கூடியிருந்த விளையாட்டு நிறுவனங்கள் பலவற்றிலும், அவற்றைத் தாண்டியும், வடிவமைப்பாளர்கள், ஓவியர்கள், உரிமையாளர்கள் என எல்லோரும் பிளான் எழுதத் தலைப்பட்டனர். இசை, திரைப்படம், போட்டி நிறுவனத்தின் குறைபாடு, மகிழுந்து, சாப்பிட்ட உணவு என எதுவும் விலக்கப்படவில்லை. உண்மையைச் சொன்னால் அவற்றுள் பெரும்பகுதி மறக்கத்தக்கது. முக்கியமான மாற்றம் படிக்கும் முறையில் நிகழ்ந்தது. ஒவ்வொருவரின் கோப்பையும் இடைவிடாமல் ஃபிங்கர் செய்து, மாற்றம் தென்பட்டதும் வலைப்பக்கத்தில் எடுத்துப்போடும் தளங்கள் 1996இலிருந்து தோன்றின; ‘குவேக்ஃபிங்கர்’ இதற்கென்றே பிறந்தது, ஸ்டீஃபன் ஹீஸ்லிப் நடத்திய ‘புளூஸ் நியூஸ்’ இச்செய்திகளால் வளர்ந்தது. அதுவரை படிக்க விரும்பியவர் தாமே பெயரைத் தட்டிக் கேட்க வேண்டியிருந்தது. இப்போது கேளாதவர் முன்னும் கோப்பு விரிக்கப்பட்டது. நள்ளிரவில் சலிப்போடு எழுதப்பட்ட ஒரு வரி காலையில் தலைப்புச் செய்தியாயிற்று. நெறிமுறையில் மாற்றம் ஒன்றுமில்லை, 79ஆம் வாயில் பழையபடியே இருந்தது. ஆனால் எழுதுகிறவர் தம் காதில் விழாதிருந்த அவையின் இரைச்சலைக் கேட்கத் தொடங்கிவிட்டார். கார்மாக்கின் கோப்பிலும் அன்றாட நட்சத்திர வரிகள் நாளடைவில் அருகி, அவற்றின் இடத்தை நீண்ட கட்டுரைகள் பிடித்தன. 1998 அக்டோபரில் அவர் எழுதிய குறிப்பு இவ்வகையில் நிலைபேறு பெற்றது: விளையாட்டுக்குள் வரும் விசையழுத்தம், சுட்டி அசைவு, வலையமைப்புச் செய்தி, ஏன், நேரத்தையும்கூட, ஒரே வரிசையான நிகழ்வுப் பதிவாக்கினால், நடந்து முடிந்த ஆட்டத்தை அப்படியே மீண்டும் ஓட்டிப் பிழையைக் கண்டறியலாம் என்பது அதன் சாரம். நிரலர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

2000 ஜூன் 1ஆம் தேதிக் குறிப்போ பிளான் கோப்பு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைக் காட்டியது. அடுத்த படைப்பாக டூமைப் புதிதாக உருவாக்க வேண்டுமென்று கார்மாக்கும் வேறு சிலரும் விரும்பினர். நிறுவனத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்கைத் தம் கையில் வைத்திருந்த கெவின் கிளவுட், ஏட்ரியன் கார்மாக் ஆகிய இருவரும் இசையவில்லை. (பெயர் ஒன்றாயினும் ஏட்ரியன், ஜான் கார்மாக்கின் உறவினர் அல்லர்.) ‘எங்களை வேலைநீக்கம் செய்தாலொழிய அடுத்தது டூம்தான்’ என்று தாங்கள் இறுதி எச்சரிக்கை விடுத்ததையும், குறிப்பு எழுதியதற்கு முந்தைய நாள் தம் எதிர்ப்பையும் மீறி, உருவமைப்புக் கலைஞர் ஒருவர் பழிவாங்கும் விதமாக நீக்கப்பட்டதையும், யார்மேலும் அநியாயமாகப் பழி விழக்கூடாது என்ற காரணத்தைக் கூறி, கார்மாக் ஊரறிய எழுதிவைத்தார். பங்குதாரர்களின் உள்வீட்டுச் சண்டையை ஒரு தரப்பினரே அலுவலகக் கணினியில் கிடக்கும் உரைக்கோப்பு வழியே உலகத்திற்கு அறிவித்தது வணிக வரலாற்றில் அரிதானது. ‘டூம் 3’ 2004 ஆகஸ்டில் வெளிவந்தது.

அதற்குள் பிளான் எழுதுவோர் குறைந்துவிட்டனர். விளையாட்டு ஒன்றுக்கு ஆகும் செலவு பெருகி, வெளியீட்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்களும் செய்தித்தொடர்பு அலுவலர்களும் இடையில் வந்தபின், ஊழியர் ஒவ்வொருவரும் தம் மனத்தில் பட்டதை எழுதும் உரிமை சுருங்கிற்று. இன்னொரு பக்கம், 1999இல் தொடங்கிய லைவ்ஜர்னல், பிளாகர் போன்ற சேவைகள் யுனிக்ஸ் கணக்கு இல்லாத எவருக்கும் அதே வசதியை, நாளடைவில் பதிலெழுதும் பெட்டியோடு சேர்த்து வழங்கின. கார்மாக்கும் 2004இன் இறுதியில் வலைப்பதிவுக்கு மாறினார். பின்னர் டுவிட்டருக்கும், ஆக்குலஸ் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில் ஃபேஸ்புக்குக்கும் இடம்பெயர்ந்தார். அவருடைய பழைய கோப்புகளை ரசிகர்கள் ஆண்டுவாரியாகத் திரட்டிப் பாதுகாத்துள்ளனர். அவரைப் போல அதிகம் அறியப்படாதவர்கள் எழுதியவற்றுள் பெரும்பகுதி, கோப்பைத் திருத்தும்போதெல்லாம் பழையது அழிந்துவிடும் தன்மையால், எழுதப்பட்ட வாரத்திலேயே மறைந்துவிட்டது.

ஃபிங்கர் நிரல் மட்டும் முற்றிலும் மறையவில்லை. லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லையெனினும், விண்டோஸ் இயங்குதளத்தில் பயனர்களின் கவனத்திற்கு வராமலே ஒரு மூலையில் தொடர்ந்து இடம்பெற்றுவருகிறது. 2021 ஜனவரியில் ‘மைன்பிரிட்ஜ்’ என்ற தீநிரலைப் பரப்பியவர்கள், வேலைக்கு விண்ணப்பிப்பவரின் தன்விவரக் குறிப்பு போலத் தோன்றும் வேர்டு ஆவணத்தை மின்னஞ்சலில் அனுப்பி, அதைத் திறந்து உள்ளிருக்கும் கட்டளைகளை அனுமதிப்பவரின் கணினி தொலைவிலுள்ள சேவையகம் ஒன்றை ஃபிங்கர் செய்யும்படி அமைத்திருந்தனர். பிளான் வர வேண்டிய இடத்தில், சான்றிதழ் போல வேடமிட்ட தீநிரல் எழுத்து எழுத்தாக வந்திறங்கியது. அதன்பின் பாதுகாப்பு வல்லுநர்கள் நிறுவனங்களுக்கு வழங்கிய அறிவுரை, 79ஆம் வாயில் எங்கேனும் இன்னும் திறந்திருந்தால் மூடிவிடுங்கள் என்பதாக இருந்தது.